தோட்டத்துப் படத்தில் அதிகாரம் எங்கே?

உங்கள் கட்டுரையில் "அதிகாரம் எங்கே?" என்று விரிவுரையாளர் சிவப்பு மையில் கேட்டது, படத்தில் என்ன இருக்கிறது என்பதையல்ல. யார் யாரை எங்கே நிறுத்தினார்கள் என்பதை.

உங்கள் சுங்கை சிப்புட் (மலேசியா) ரப்பர் தோட்டப் புகைப்படத்தில் துரைக்கு (தோட்ட மேலாளர்) நாற்காலி, பக்கத்தில் கிராணி (எழுத்தர்), பால்மரம் வெட்டுகிறவர்கள் (ரப்பர் பால் எடுப்பவர்கள்) பின்வரிசையில் வெறுங்காலோடு. இதை வர்ணித்ததோடு நிறுத்திவிட்டீர்கள் போல. பிரெஞ்சு சிந்தனையாளர் ரோலான் பார்த் 1964இல் படத்தின் பொருளை அடுக்குகளாகப் பிரித்துக் காட்டியதில் அது முதல் அடுக்குதான். அந்த நாற்காலி என்ன சொல்கிறது என்பது அடுத்தது.

படத்தை உங்கள் பாட்டியிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். விரல் முதலில் துரை மேல் போகிறதா, பால் வாளி மேலா? பிரிட்டிஷ் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் சொன்ன மூன்று வாசிப்புகள் (படம் சொல்வதை ஏற்பது, பாதி ஏற்பது, எதிர்ப்பது) அங்கேதான் பிடிபடும்.

பாட்டி எதிர்த்துதான் பேசுவார் என்று முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள். "நல்ல துரை, பாவம்" என்றாலும் அப்படியே எழுதுங்கள்.