ஒரே பாட்டுக்கு எத்தனை பிறந்தநாள்?

கேள்வி: பழைய ராக் பாட்டு ஒன்றின் 50ஆம் ஆண்டுக்குப் பதிவு போட்டோம். தேதியே தவறு என்று கருத்துப் பகுதியில் சண்டை மூண்டுவிட்டது. எந்தத் தேதியை எடுப்பது?

பதில்: இருதரப்பும் சரியாகவே சொல்லியிருக்கலாம். ஒலிப்பதிவு நாள், சிங்கிள் (தனிப்பாட்டாக விற்கும் இசைத்தட்டு) வந்த நாள், ஆல்பம் வந்த நாள் மூன்றும் வேறு வேறு. குயீன் குழுவின் 'பொஹிமியன் ராப்சடி' பிரிட்டனில் சிங்கிளாக 1975 அக்டோபர் 31 அன்று வந்தது; அது இடம்பெற்ற ஆல்பம் நவம்பரில். ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிபோர்னியா' தலைகீழ். ஆல்பம் 1976 டிசம்பரில், சிங்கிள் 1977 பிப்ரவரியில், ஆண்டே மாறிவிடுகிறது. லெட் செப்பலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' அப்போது அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ சிங்கிளாக விற்பனைக்கே வரவில்லை. அந்தப் பாட்டுக்கு 1971 நவம்பரில் வந்த ஆல்பத்தை வைத்துத்தான் கணக்கு.

ஆகவே 'சிங்கிள் வெளியாகி 50 ஆண்டு, பிரிட்டன்' என்று எது, எங்கே என்பதைப் படத்திலேயே எழுதிவிடுங்கள்; பாதிச் சண்டை அடங்கும். ஸ்ட்ரீமிங் செயலி காட்டும் ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். ரீமாஸ்டர் பதிப்பு (பழைய ஒலியை மெருகேற்றிய மறுவெளியீடு), தொகுப்பு ஆல்பம் ஆகியவற்றின் ஆண்டைத்தான் பல நேரம் அது காட்டும். முதல் பதிப்பு இசைத்தட்டின் லேபிளையும் குழுவின் அதிகாரபூர்வத் தளத்தையும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: 15 நொடிதான் பாட்டைச் சேர்த்தோம். ஆனாலும் ரீல்ஸில் ஒலி போய்விட்டது. ஏன்?

பதில்: இத்தனை நொடிக்குள் என்றால் தப்பலாம் என்பது வெறும் வதந்தி. பதிவேற்றிய ஒலியை, பாட்டு உரிமையாளரின் ஒலிப்பதிவோடு மென்பொருள் ஒப்பிடுகிறது. அதற்குச் சில நொடிகளே போதும். எடிட்டிங்கில் பாட்டை ஒட்டாமல், இன்ஸ்டாகிராமின் இசை நூலகத்திலிருந்தே சேருங்கள். கணக்கு வணிகக் கணக்காக இருந்தால் பிரபல பாடல்கள் பெரும்பாலும் அதில் தெரியாது. அது கோளாறல்ல, உரிம வரம்பு.

நீங்களே கிதாரில் வாசித்தால் ஒலிப்பதிவு உரிமைச் சிக்கல் தீரும்; மெட்டு, வரிகளின் உரிமை அப்படியே நிற்கும். யூடியூபில் இதற்கு வழக்கமாக உரிமைக் கோரல் வரும்: வீடியோ பெரும்பாலும் தொடரும், விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும். ஸ்ட்ரைக், அதாவது உரிமை மீறலுக்கான எச்சரிக்கைப் புள்ளி, வேறு. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலையே இழக்க நேரும்.

கேள்வி: ஆல்பம் அட்டையைப் போடலாமா?

பதில்: உங்கள் இசைத்தட்டை நீங்களே படமெடுத்தாலும் அட்டை ஓவியத்தின் உரிமை உங்களுக்கு வராது. அதைச் சட்டை போன்றவற்றில் அச்சிட்டு விற்கவே வேண்டாம். பதிவுக்கு, தேதியைப் பெரிதாக எழுதிய சொந்த வடிவமைப்பே நல்லது. 1080×1350 பிக்சல் அளவில் செய்தால் கைப்பேசித் திரையில் சதுரத்தைவிட அதிக இடம் பிடிக்கும்.