மாலத்தீவுக்கு இருவரும் 4 இரவு போகிறோம். தண்ணீர் வில்லாவுக்கு எந்த ரிசார்ட் நல்லது?

ரிசார்ட் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் விமானம் மாலேயில் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று சொல்லவில்லை. 4 இரவுப் பயணத்தில் எல்லாமே அந்த நேரத்தை வைத்துத்தான். புதுசாகக் கல்யாணமானவர்கள், படங்களைப் பார்த்து வில்லாவைப் பிடித்துவிட்டுப் பிறகு டிக்கெட் தேடுகிறவர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தூரத்து ரிசார்ட்டுகள் பலவற்றுக்குக் கடல் விமானத்தில்தான் போக வேண்டும். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலேயில் பிற்பகல் 3.30-க்குள் இறங்கினால்தான் அன்றைக்கே ஏற்றிவிடுவார்கள் என்பது பொதுவான கணக்கு. 5 மணிக்கு இறங்கினால் அன்றிரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயில் ஒரு ஓட்டல் அறை. மறுநாளும் நினைத்த நேரத்துக்கு ஏற முடியாது. ஒரே பக்கம் போகும் பல ரிசார்ட்டுகளின் ஆட்களைச் சேர்த்துத்தான் கிளப்புவார்கள். இரண்டு மணி நேரக் காத்திருப்பு சகஜம். ஊர் திரும்பும் விமானம் காலை 9 மணிக்கு என்றால் கடைசி இரவும் ஹுல்ஹுமாலேயில்தான். ஆக, 4 இரவில் வில்லாவில் கழிவது 2. பெட்டிக்கும் வரம்பு உண்டு: பெரும்பாலும் ஆளுக்கு 20 கிலோ, கைப்பை 5 கிலோ. மிஞ்சினால் கிலோ கணக்கில் பணம்.

அதனால் 4 இரவுக்கு வடக்கு மாலே, தெற்கு மாலே அட்டோல்களில் (பவளத் தீவுக்கூட்டங்களில்) ஸ்பீட்போட்டில் போகிற ரிசார்ட்டைப் பாருங்கள். பல இடங்கள் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், இரவிலும் படகு ஓடும். படகின் பின்பக்கம் உட்காருங்கள். முன்பக்கம் அலையில் தூக்கித் தூக்கிப் போடும். குமட்டல் வருகிறவர்கள் அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுவிட வேண்டும், ஏறிய பிறகு போட்டு அதிகப் பயனில்லை. கடல் விமானத்தில் போகாமல் என்ன மாலத்தீவு என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். மேலிருந்து பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஒரு வாரம் இருப்பவர்கள் தாராளமாகப் போகட்டும்.

அடுத்து பில். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி (++) போட்டிருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் சேரவில்லை என்று அர்த்தம். ஓர் இரவுக்கு 300 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்ந்து 330. அதன்மேல் சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம்: 386.10. பசுமை வரி ரிசார்ட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர், இருவருக்கு 24. மொத்தம் 410.10. படகு, விமானச் செலவு இதில் இல்லை. வரி, போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்ந்த ஒரே தொகையை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு ஒப்பிடுங்கள்.

கையிருப்பு போதாதென்றால் மாஃபுஷி போல மக்கள் வாழும் தீவில் கெஸ்ட்ஹவுஸ் எடுத்து, ஒரு நாள் மட்டும் டே பாஸில் ரிசார்ட்டுக்குப் போய் வரலாம். மக்கள் வாழும் தீவில் மது கிடையாது, நீச்சல் உடைக்குத் தனிக் கடற்கரை. அரசு ஃபெர்ரியை நம்பினால் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

வில்லா பிடிக்கும் முன் ரிசார்ட்டிடம் இரண்டே கேள்வி: படிக்கட்டிலிருந்து பவளப்பாறையின் விளிம்பு எத்தனை மீட்டர்? வில்லா எந்தத் திசையைப் பார்க்கிறது? விளிம்பு தொலைவில் இருந்தால் வாசலில் வெறும் மணல்தான். மீன் பார்க்கப் படகுக்குத் தனிக்காசு. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று. அப்போது மேற்குப் பார்த்த வில்லாவில் சூரிய அஸ்தமனம் கிடைக்கும், கூடவே படிக்கட்டை அறையும் அலையும் கிடைக்கும். காற்றும் கடலும் அடங்கியிருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை.

ஸ்கூபா ஆசை இருந்தால் முதல் இரண்டு நாளிலேயே முடித்துவிடுங்கள். பலமுறை மூழ்கியவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். கடல் விமானத்துக்கும் இதே விதிதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தவுடன் பலர் பவளத்தின் மேலேயே ஏறி நின்றுவிடுகிறார்கள். துடுப்புக் காலணியின் ஒரு மிதியில் கிளை முறிந்தால் திரும்ப வளர ஆண்டுக்கணக்கு ஆகும். நீச்சல் தெரியாவிட்டால் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். முகமூடியில் தண்ணீர் ஏறினால் மல்லாந்து மிதந்து வடித்துவிடலாம். முதுகு வெயிலில் வெந்துபோகாமலிருக்க முழுக்கை ராஷ்கார்டு (நீச்சலுக்கான மேலாடை) போதும். வெயிலுக்குப் பூசுகிற களிம்பும் குறையும்.

விசா இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும், 30 நாள். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா (IMUGA) என்ற ஆன்லைன் பயணிகள் அறிவிப்புப் படிவம் நிரப்ப வேண்டும். அதுவும் இலவசம்தான், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள்.