1,10,000 கிலோமீட்டர் ஓடிய சிவிடி: கியர் ஆயிலை மாற்றலாமா, தொடாமல் விடலாமா?

பினாங்கு மாநிலத்தின் பிறையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அண்ணா, என்னுடையது 2016 ஹோண்டா சிட்டி. தினமும் பினாங்குப் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய்வருகிறேன். 1,10,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, கியர் ஆயில் ஒருமுறைகூட மாற்றியதில்லை. ஒரு பட்டறையில் மெஷின் வைத்துப் பழைய ஆயிலை முழுக்க வெளியே தள்ளி ஃபிளஷ் செய்யச் சொல்கிறார்கள். இன்னொரு போர்மேன், இவ்வளவு ஓடிய பிறகு தொட்டால் கியர்பாக்ஸ் போய்விடும் என்கிறார். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. யார் பேச்சைக் கேட்பது?"

மாற்றுங்கள், சகோதரி. உங்கள் சிட்டியில் இருப்பது சிவிடி, அதாவது படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோ கியர்பாக்ஸ். ஆனால் மெஷின் வேண்டாம். கீழே இருக்கும் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடியவிட்டு, வடிந்த அளவுக்குப் புதிதாக ஊற்றினால் போதும். இப்படி வடித்தால் உள்ளே இருப்பதில் பாதிதான் வெளியே வரும், மீதி எஞ்சின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும், அதனால் ஒரு 5,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை இதையே செய்யுங்கள். அதற்குப் பிறகு 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலும் காலை நேரத்துப் பால நெரிசலும் சேர்ந்தால் அது கடுமையான ஓட்டம்தான், சர்வீஸ் புத்தகத்தில் கடும் பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருந்தால் அதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், சிவிடியில் பல் சக்கரம் மாறி மாறி விழுவதில்லை. இரண்டு கூம்புக் கப்பிகள், அவற்றுக்கு நடுவில் நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் துண்டுகளைக் கோத்த ஒரு பெல்ட், அவ்வளவுதான். சில வண்டிகளில் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருக்கும். கப்பிகள் ஆயில் அழுத்தத்தில் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால்தான் வண்டி நகர்கிறது. அதாவது இந்த ஆயில் உராய்வைக் குறைத்து உலோகத்தைக் காக்கவும் வேண்டும், அதே நேரம் பெல்ட் வழுக்காமல் பிடிப்பும் தர வேண்டும். சூட்டில் வெந்து வெந்து அந்தக் குணம் போய்விட்டால் பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும், வழுக்கினால் கப்பியில் கீறல் விழும், கீறிய உலோகத்தூள் ஆயிலில் கலந்து, ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடிக்குள் போய் அடைக்கும். இந்தக் கட்டத்துக்கு வந்த பிறகு எந்த ஆயிலும் காப்பாற்றாது. "ஆயில் மாற்றினேன், கியர் போய்விட்டது" என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் வண்டி உதறத் தொடங்கிய பிறகு மாற்றப் போனவர்கள். உங்கள் போர்மேன் பார்த்தது அந்த வண்டிகளாக இருக்கலாம், உங்களுடையது இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை.

எந்த ஆயில் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் சிட்டிக்கு ஹோண்டாவின் சிவிடி ஆயிலான எச்சிஎஃப்-2. டொயோட்டாவின் எஃப்ஈயோ நிசானின் என்எஸ்-3யோ இதற்குச் சேராது, சாதாரண ஆட்டோ கியர் ஆயில் ஊற்றினால் அதோடு முடிந்தது. சீல் உடையாத டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். (புரோட்டோன் சாகா வைத்திருப்பவர்களும் இதைக் கேட்கிறார்கள். 2019 ஆகஸ்டில் வந்த மாடலிலிருந்து சாகாவில் இருப்பது சாதாரண 4 கியர் ஆட்டோ, அதற்கு ஆயிலே வேறு. முதலில் உங்களிடம் இருப்பது என்ன கியர்பாக்ஸ் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

வடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வடிகால் போல்ட்டின் நுனியில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். விரலில் தேய்த்தால் மை மாதிரி வழவழவென்று இருந்தால் அது இயல்பான தேய்மானம், பயப்பட வேண்டாம். நெருநெருவென்று உறுத்தினாலோ, ஊசி போலப் பளபளக்கும் துண்டுகள் தெரிந்தாலோ உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. ஆயில் கருத்திருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், தீய்ந்த வாடை வருகிறதா என்றும் பாருங்கள். போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள். அப்புறம் ஆயில் மட்டத்தை வண்டி சமதளத்தில் நிற்கும்போது, தயாரிப்பாளர் சொன்ன வெப்பநிலையில்தான் பார்க்க வேண்டும், குத்துமதிப்பாக ஊற்றி மூடினால் கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை.

ஆயிலுக்கு எமன் சூடு. அதனால் ரேடியேட்டரையும் கவனியுங்கள். பல சிவிடிகளில் கியர் ஆயிலைக் குளிர்விப்பதே எஞ்சின் கூலண்ட்தான், அங்கே குழாய்த் தண்ணீர் ஊற்றித் துரு பிடிக்க விட்டால் அடி கியர்பாக்ஸுக்கும் விழும். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தும்போது பிரேக்கில் கால் வையுங்கள், ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். முழுதாக நின்ற பிறகே டி (முன்னோக்கி) நிலையிலிருந்து ஆர் (ரிவர்ஸ்) நிலைக்கு மாற்றுங்கள். பாலிக் புலாவ் மலைச்சாலையிலோ கெந்திங்கிலோ இறங்கும்போது கியர் நெம்பை எஸ் அல்லது எல்லில் போடுங்கள், பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவிடும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

புறப்படும்போது உதறல், மிதித்தால் ஆர்பிஎம் ஏறுகிறது ஆனால் வேகம் ஏறவில்லை, வேகத்தோடு சேர்ந்து கூடும் ஊளைச் சத்தம், இவற்றில் ஒன்று வந்தாலும் தள்ளிப்போடாமல் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். உதறல் மட்டும் என்றால் முதலில் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள், அது கிழிந்தாலும் இதே உதறல்தான் வரும். அதைப் பார்க்காமல் ஹாஃப்கட் (வெட்டிப் பிரித்த பழைய வண்டியிலிருந்து எடுத்த) கியர்பாக்ஸ் விலை பேச வருபவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 2017 நவம்பரில் பினாங்கில் வந்த மாதிரி வெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். கியர்பாக்ஸின் காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம், ஆயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் போயேவிட்டது என்று அர்த்தம். சாலையில் பழுதாகி நின்றாலும் முன் சக்கரம் தரையில் உருள இழுத்துக்கொண்டு போக விடாதீர்கள். எஞ்சின் ஓடாவிட்டால் ஆயில் பம்பும் ஓடாது, உள்ளே எல்லாம் வறண்டு தேயும். இழுவை லாரியைக் கூப்பிடும்போதே வண்டி சிவிடி, நான்கு சக்கரமும் மேலே ஏறுகிற லாரிதான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.