ஹிட்ஸ் 62,000, ஆர்டர் 11: எந்த ரிப்போர்ட்டை நம்புறது?

கேள்வி: சார், நான் இரும்பு தோசைக்கல், பணியாரச் சட்டி எல்லாம் சொந்தமா சைட் வச்சு விக்கிறேன். ஹோஸ்டிங் பேனல்ல போன மாசம் 62,000 ஹிட்ஸ்னு காட்டுது, கூகுள் அனலிட்டிக்ஸ்ல பாத்தா 740 யூசர்தான், ஆர்டர் வந்தது 11. எது நெஜம்? விளம்பரத்துக்கு காசு போடலாமா?

ரெண்டும் பொய் சொல்லலங்க, வேற வேற விஷயத்தை எண்ணுது. ஹிட்டுங்கறது ஆள் கணக்கே இல்ல, ஃபைல் கணக்கு. உங்க முதல் பக்கத்துல போட்டோ, லோகோ, ஃபான்ட், ஸ்கிரிப்ட் எல்லாம் சேத்து 50 ஃபைல் இருந்தா, ஒருத்தர் ஒரு தடவை தொறந்தாலே 50 ஹிட். அதனால அந்த 62,000ஐ மறந்துடுங்க, அதை வச்சு யாராவது பெரிய ஹோஸ்டிங் பிளானுக்கு மாறச் சொன்னாலும் மாறாதீங்க. உங்க ஹோஸ்டிங் பேனல் சிபேனலா இருந்து, அதுல ஏடபிள்யூஸ்டாட்ஸ்னு ஒரு ரிப்போர்ட் இருந்தா, விசிட்ஸ்னு தனியா ஒரு எண்ணிக்கை இருக்கும், பாக்கறதா இருந்தா அதைப் பாருங்க, ஆனா அதுலயும் பிரவுசர் மாதிரி வேஷம் போட்டு வர்ற பாட் (ஆள் இல்லாம தானா ஓடற புரோகிராம்) கலந்திருக்கும்.

அனலிட்டிக்ஸ் பிரவுசர்ல ஓடற ஸ்கிரிப்டை வச்சு எண்ணுது. ஆட் பிளாக்கர் போட்டவங்க பெரும்பாலும் அதுல விழமாட்டாங்க, போன்ல ஒரு தடவை லேப்டாப்ல ஒரு தடவை பாத்தவரு ரெண்டு ஆளா நிப்பாரு. சோ 740ங்கறது குத்துமதிப்புதான். நீங்களும் வீட்டுல உள்ளவங்களும் தினம் பத்து தடவை தொறந்து பாக்கறதும் அதுல சேரும், அனலிட்டிக்ஸோட செட்டிங்ஸ் பக்கமான அட்மின்ல அதை இன்டர்னல் டிராஃபிக்னு (நம்ம ஆளுங்க வர்றது) போட்டு கழிக்கலாம், ஆனா அந்த ஃபில்டர் முதல்ல டெஸ்டிங் மோட்லயே கெடக்கும், நீங்களா ஆக்டிவ் பண்ணணும். ஊர் லிஸ்டையும் ஒரு தடவை பாருங்க. ஆஷ்பர்ன், போர்டுமன்னு அமெரிக்க ஊர் மேல வந்து நின்னா அங்க யாரும் தோசை சுடல, ரெண்டும் டேட்டா சென்டர் (சர்வர் கூடம்) உள்ள ஊர், அது பெரும்பாலும் பாட்தான்.

இப்ப மெயின் மேட்டர். எத்தனை பேருங்கறதை விட எதுக்கு வந்தாங்கங்கறதுதான் உங்களுக்கு வேணும், அது சர்ச் கன்சோல்ல இருக்கு, கூகுள் தேடல்ல உங்க சைட் எப்படி வருதுன்னு காட்டற கூகுளோட இன்னொரு டூல். பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டைத் தொறந்து கொயரீஸ் (தேடின வார்த்தைங்க) பாருங்க, ஜனங்க கூகுள்ல என்ன டைப் பண்ணி உங்க சைட்டுக்கு வந்தாங்கன்னு தெரியும். "இரும்பு தோசைக்கல் பழக்குவது எப்படி", "தோசைக்கல் துரு போக" மாதிரி கேள்விதான் மேல இருக்குன்னா, வந்தவங்க ஏற்கனவே கல்லு வாங்கிட்டாங்க, படிச்சிட்டு போயிடுவாங்க, அவங்ககிட்ட இன்னொரு கல்லு விக்க முடியாது, ஆனா அந்தப் பக்கத்துலயே பணியாரச் சட்டி லிங்க் வச்சா சிலர் பாப்பாங்க. "தோசைக்கல் விலை", "12 இன்ச் இரும்பு கல்"னு தேடி வர்றவங்கதான் வாங்க வர்றவங்க. இந்த ரெண்டு கூட்டத்தையும் சேத்து 740ன்னு பாத்தா ஒண்ணுமே புரியாது.

அடுத்து அனலிட்டிக்ஸ்ல, எங்கேருந்து வந்தாங்கன்னு காட்டற லிஸ்ட்ல டைரக்ட்னு ஒரு வரி பெருசா இருக்கும். அட்ரஸை டைப் பண்ணி வந்தவங்க மட்டும் இல்ல, எங்கேருந்து வந்தாங்கன்னு தெரியாத எல்லாரையும் அனலிட்டிக்ஸ் அதுலதான் கொட்டும், வாட்ஸ்அப்ல நீங்க அனுப்பின லிங்க்கை தொட்டு வந்தவங்களும் பெரும்பாலும் அங்கதான். இனிமே வாட்ஸ்அப், இன்ஸ்டா பயோ, பார்சல்ல ஒட்டற க்யூஆர்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி யூடிஎம் டேக் (எங்கேருந்து வந்தாங்கன்னு சொல்ல லிங்க் கடைசில ஒட்டற அடையாளம்) போட்ட லிங்க் குடுங்க. டேக்ல எல்லாமே இங்கிலீஷ் ஸ்மால் லெட்டர்ல போடுங்க, கேப்பிட்டல் லெட்டர் கலந்தா தனி வரியா பிரிஞ்சுடும். உங்க சைட்டுக்குள்ளயே ஒரு பக்கத்துலேருந்து இன்னொண்ணுக்குப் போற லிங்க்ல மட்டும் டேக் போட்டுடாதீங்க, சோர்ஸ் எல்லாம் குழம்பிடும். பேமென்ட் கேட்வே பேர்ல ஆர்டர் வந்த மாதிரி காட்டுதா? காசு கட்டிட்டு திரும்பி வர்றவங்களை புது ஆளா நெனச்சுக்குது, அனலிட்டிக்ஸ்ல அன்வான்டட் ரெஃபரல்ஸ்ங்கற (சோர்ஸா எண்ண வேண்டாத சைட்டுங்க) லிஸ்ட்ல அந்த கேட்வேயோட டொமைனைச் சேத்துடுங்க.

பவுன்ஸ் ரேட்டைப் (வந்த உடனே போயிட்ட விசிட்டோட சதவீதம்) பாத்து பயப்படாதீங்க. கூகுள் அனலிட்டிக்ஸோட இப்ப உள்ள வெர்ஷனான ஜிஏ4ல 10 செகண்டுக்கு மேல இருந்தாலோ, ரெண்டு பக்கம் பாத்தாலோ, நீங்க குறிச்சு வச்ச கீ ஈவென்ட் (ஆர்டர் மாதிரி முக்கியமான விஷயம்) நடந்தாலோ அது என்கேஜ்டு செஷன், அதாவது கவனிச்சுப் பாத்த விசிட், மிச்சம்தான் பவுன்ஸ்.

விளம்பரம் பத்தி கேட்டீங்க. 740க்கு 11ன்னா 100க்கு ஒண்ணரை, சின்ன கடைக்கு கேவலமான கணக்கு இல்ல. ஆனா காசு போடறதுக்கு முன்னாடி ஆட் டு கார்ட் எத்தனை, செக்அவுட் ஆரம்பிச்சது எத்தனை, பர்ச்சேஸ் எத்தனைன்னு மூணையும் வரிசையா எழுதிப் பாருங்க. செக்அவுட்ல வந்து நிறைய பேர் கழண்டுக்கறாங்கன்னா என் சந்தேகம் கூரியர் சார்ஜ் மேலதான், மூணு கிலோ கல்லுக்கு அந்தத் தொகை கடைசி பக்கத்துல திடீர்னு வந்தா யாரா இருந்தாலும் யோசிப்பாங்க. அதை பிராடக்ட் பக்கத்துலயே காட்டிட்டு ஒரு மாசம் பாருங்க, விளம்பரம் அப்புறம்.

அப்படியே அனலிட்டிக்ஸ் அட்மின்ல டேட்டா ரிட்டென்ஷன் (டேட்டாவை எத்தனை மாசம் வச்சிருக்கணும்ங்கறது) 2 மாசம்னு இருந்தா 14 மாசமா மாத்திடுங்க. ரெகுலர் ரிப்போர்ட்டுக்கு இது தேவையில்ல, ஆனா நீங்களா ரிப்போர்ட் செஞ்சு பாக்கற எக்ஸ்ப்ளோரேஷன்ல போன தீபாவளியையும் இந்தத் தீபாவளியையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்னா வேணும், அழிஞ்சது திரும்ப வராது.