மண்டபத்து வைஃபைக்குக் காசு கொடுத்து ஐபி வாங்க வேண்டுமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கல்யாண மண்டபம் நடத்துகிறோம். ஆபீஸ் ரூட்டரில் 192.168.1 வரிசை, அதிலிருந்து ஒயர் இழுத்துப் போட்ட ஹால் ரூட்டரில் 192.168.2 வரிசை. முகூர்த்த நாளில் பாதிப் பேருக்கு வைஃபை கிடைப்பதில்லை. "ஐபி தீர்ந்துபோச்சு, எட்டு ஸ்டேட்டிக் ஐபி வாங்குங்க" என்று கொட்டேஷன் தந்திருக்கிறார் நெட்வொர்க் வேலை பார்ப்பவர். இல்லாவிட்டால் இரண்டு வரிசையையும் ஒன்றாக்கித் தருகிறாராம். எதற்குப் பணம் கொடுப்பது?

பதில்: ஸ்டேட்டிக் ஐபிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஐபி என்பது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள முகவரி எண். ஸ்டேட்டிக் ஐபி என்பது இணையத்தில் மாறாமல் நிற்கும் வெளி முகவரி, வெளியூரிலிருந்து கேமரா பார்ப்பது போன்ற வேலைக்குத்தான் அது. எட்டு வாங்கினால் முதலும் கடைசியும் பயன்படாது, ஒன்று கேட்வேக்கு (இணையத்துக்குப் போகும் வாசல்) போய்விடும், மிஞ்சுவது ஐந்து. முந்நூறு போனுக்கு அது எந்த மூலைக்கு? போன்களுக்கு ரூட்டர் கொடுப்பது 192.168 என்று தொடங்கும் உள் முகவரி. உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கியவை. 1990-களிலிருந்தே இருக்கும் ஏற்பாடு. யாரும் விற்கவும் முடியாது.

காசில்லாமல் முடிகிற வேலை முதலில். ஹால் ரூட்டரின் டிஹெச்சிபி (போன்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல ரூட்டர்களில் முகவரியின் கடைசி எண் 100 முதல் 199 வரைதான் கொடுக்கும்படி இருக்கும், அதாவது நூறே போன். அதை 2 முதல் 254 வரை ஆக்குங்கள். லீஸ் நேரம் (ஒரு போனுக்கு முகவரியை ஒதுக்கி வைத்திருக்கும் நேரம்) 24 மணி என்றிருந்தால், ராத்திரி ரிசப்ஷனுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவரின் முகவரி காலை முகூர்த்தத்திலும் அவர் பெயரிலேயே கிடக்கும். ஒரு மணி நேரமாகக் குறையுங்கள். சின்ன மண்டபம் என்றால் இதுவே போதும்.

போதாவிட்டால்தான் சேர்ப்பது. 255.255.254.0 என்ற மாஸ்க் (ஒரு நெட்வொர்க் எந்த முகவரிவரை என்று ரூட்டருக்குச் சொல்லும் எண்), 256 முகவரி கொண்ட இரண்டு வரிசைகளை 512 ஆக்கும். ஆனால் அடுத்தடுத்த எண் என்பதாலேயே சேர்ந்துவிடாது, ஜோடி இரட்டைப்படையில் தொடங்க வேண்டும். 0-வோடு 1, 2-வோடு 3. உங்களுடைய 1-ம் 2-ம் ஜோடியே இல்லை. மாஸ்க் இரும எண்ணில்தான் கணக்குப் பார்க்கும். 2 என்பது 10, 3 என்பது 11, கடைசி இலக்கத்தை விட்டால் இரண்டும் ஒன்று. 1 என்பது 01, அதற்கும் 2-க்கும் இரண்டு இலக்கமுமே வேறு. ஆபீஸ் ரூட்டரில் அந்த மாஸ்க்கைப் போட்டால் 0-ம் 1-ம் சேரும், ஹால் வெளியே நிற்கும். ஆகவே ஆபீஸைத் தொடாமல், ஹாலை மட்டும் 192.168.2.1 முதல் 192.168.3.254 வரை நீட்டச் சொல்லுங்கள். 510 முகவரி. சில மலிவு ரூட்டர்கள் மாஸ்க்கை மாற்ற விடாது, அப்போதுதான் புது ரூட்டர். எத்தனை போன் ஒரே நேரத்தில் தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். முகவரி இருந்தும் வைஃபை திணறினால் கூடுதல் அக்சஸ் பாயிண்ட்தான் (வைஃபை சிக்னலைப் பரப்பும் கருவி) வழி.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ஹால் ரூட்டர் ஆபீஸ் ரூட்டருக்குப் பின்னால் தொங்குவதால், விருந்தாளி போனிலிருந்து உங்கள் பில் கம்ப்யூட்டரையும் கேமரா டிவிஆரையும் எட்டிவிடலாம். சேர்ப்பதைவிட இதைப் பிரிப்பது அவசரம். வீலான் (ஒரே ரூட்டரில் விருந்தாளி நெட்வொர்க்கையும் ஆபீஸ் நெட்வொர்க்கையும் தனித்தனியாகப் பிரிக்கும் வசதி) போடக்கூடிய ரூட்டர் என்று கொட்டேஷனில் கேளுங்கள். நீங்கள் செலவழிக்க வேண்டியது அதற்குத்தான்.

எதையும் எழுத்தில் வாங்குங்கள்: என்ன மாடல், எத்தனை முகவரி, ஹாலிலிருந்து ஆபீஸ் தெரியாது என்ற உறுதி. 2019 நுகர்வோர் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியதை ஏற்காது. சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்றால் மட்டும் விலக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து கேட்கலாம்தான், ஆனால் மண்டபக் கணக்கில் பில் போட்டால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இந்த ஓட்டையைத்தான்.