மூட்டுவலி உள்ள நாய்க்கு மீன் எண்ணெய் கொடுக்கலாமா?

வயதான லாப்ரடாரின் மூட்டுவலிக்கு, நாம் உட்கொள்ளும் மீன் எண்ணெய் மாத்திரையையே கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம், ஆனால் அளவு முக்கியம். அதிலுள்ள இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள், அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உடலில் உருவாவதைக் குறைப்பதால், சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்த பின், படுத்த இடத்திலிருந்து எழவே தயங்கிய நாய் சற்று எளிதாக எழுந்து நடக்கக்கூடும். (ஆளி விதை எண்ணெய் இதற்கு ஈடாகாது.) அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2006இல் வகுத்த உச்சவரம்பின்படி, 30 கிலோ எடையுள்ள நாய்க்கு இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,700 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, மிஞ்சினால் வயிற்றுப்போக்கு ஏற்படலாம், இரத்தம் உறைவதும் தாமதமாகலாம். ஆகவே கால்நடை மருத்துவரிடம் கேட்டு, குறைந்த அளவில் தொடங்குங்கள். காட் மீனின் ஈரல் எண்ணெயை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள்: அதிலுள்ள வைட்டமின் ஏ, டி ஆகியவை உடலில் தேங்கி நஞ்சாகலாம். மாத்திரை ஒன்றைக் கீறி முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் அந்தப் புட்டியையே எறிந்துவிடுங்கள்.