ஸ்குவாஷில் 9, 11, 15, 7 என்று பல பாயின்ட் முறைகள் இருக்கின்றனவே, எங்கள் குழு எதில் ஆடுவது?

கோர்ட் 45 நிமிடம்தான் கிடைக்கிறது, மூத்தவர்களோ "9 பாயின்ட்தான் உண்மையான ஸ்குவாஷ், 11 வந்த பிறகு தம் பிடித்து ஆடுவதே போய்விட்டது" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நேரத்துக்கு 9 ஒத்துவராது. தம் போய்விட்டது என்பதும் தவறு.

பழைய 9 பாயின்ட் முறையில் சர்வ் போடுபவருக்கு மட்டுமே பாயின்ட். எதிராளி ரேலியை (சர்வில் தொடங்கி ஒருவர் தவறும்வரை மாறி மாறி அடிப்பதை) ஜெயித்தால் சர்வ் கைமாறும், ஸ்கோர் நகராது. 8-8 ஆனால் 9-ல் முடிப்பதா, 10 வரை போவதா என்று சர்வ் வாங்குபவர் சொல்வார். சமபலம் உள்ள இருவர் ஆடினால் பாதி ரேலிகள் ஸ்கோரில் ஏறாது. 9-6 என்று முடியும் கேமுக்குச் சுமார் 30 ரேலி பிடிக்கும். ஒவ்வொரு ரேலிக்கும் பாயின்ட் உள்ள 11-ல், 11-8 என்றால் 19 ரேலிதான். அதே பழைய முறையில் பலம் குறைந்தவர் எதிரே நின்றால் 9 ரேலியிலேயே 9-0 முடிந்துவிடும். மேல் எல்லையே இல்லாத ஒரு கேமை வைத்துக்கொண்டு கோர்ட் நேரத்தைப் பங்கிட முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரேலியும் அடுத்த சர்வுக்கு ஆகும் நேரமும் சேர்த்து அரை நிமிடம், கேம்களுக்கு நடுவே 90 நொடி, வார்ம்-அப் 4 நிமிடம் என்று வையுங்கள். 11 பாயின்ட், ஐந்து கேம், எல்லாமே 11-9 என்றால் 100 ரேலி, ஒரு மணி நேரம். மூன்று கேம் என்றால் 37 நிமிடம். 10-10-க்குப் பிறகு இரண்டு பாயின்ட் வித்தியாசம் வேண்டும், அதற்கு மிச்சமுள்ள 8 நிமிடம் தாங்கும். ஐந்து கேம்தான் வேண்டுமா? 2023-ல் சென்னையில் நடந்த உலகக் கோப்பையில் வைத்த 7 பாயின்ட் முறையை எடுங்கள். 6-6 ஆனால் அடுத்த ரேலியோடு கேம் முடிந்துவிடும். ஒரு கேமுக்கு அதிகபட்சம் 13 ரேலி, ஐந்துக்கு 65. இடைவேளையும் வார்ம்-அப்பும் சேர்த்து 43 நிமிடத்துக்குள் அடங்கும்.

15 உங்களுக்கு வேண்டாம். அது அமெரிக்காவின் ஹார்ட்பால் ஆட்டத்தில் ஊறிய முறை. கெட்டிப் பந்து, 18.5 அடி அகலக் கோர்ட். நாம் ஆடுவது 21 அடி. ஆண்கள் தொழில்முறைச் சுற்றும் 15-ல்தான் ஆடிக்கொண்டிருந்தது, 2004-ல் 11-க்கு மாறியது. பெண்கள் சுற்று 2008-ல் மாறியது, உலகக் கூட்டமைப்பு 2009-ல்.

இப்போது தம் விஷயம். 1983-ல் இங்கிலாந்தின் சிசெஸ்டரில் பாகிஸ்தானின் ஜஹாங்கீர் கானும் எகிப்தின் கமால் அவாதும் 9 முறையில் ஆடிய மேட்ச் 2 மணி 46 நிமிடம். முதல் கேம் மட்டும் 71 நிமிடம், அதில் ஜஹாங்கீர் 9-10 என்று தோற்றார். 9 முறைக்கு எல்லோரும் காட்டும் சாட்சி இதுதான். ஆனால் 2015-ல் கனடாவில் லியோ ஆவும் ஷான் டெலியரும் 170 நிமிடம் ஆடினார்கள், 11 முறையில்! பழைய முறையைத் தாழ்த்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதன் நியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. சர்வ் கையில் இருக்கும்போது நிக்குக்கு (சுவரும் தரையும் சேரும் கோட்டுக்கு) குறிவைத்து டின்னில் (முன்சுவரின் அடியில் உள்ள தகட்டில்) அடித்தாலும் போவது சர்வ் மட்டுமே, அதனால் துணிந்து அடிக்கலாம். சர்வ் வாங்குபவர் ஒரு பாயின்ட் எடுக்க இரண்டு ரேலி தொடர்ந்து ஜெயிக்க வேண்டும். ரேலியில் 60-40 என்று இருக்கும் வித்தியாசம் அங்கே, இரண்டு ரேலி தொடர்ந்து ஜெயிக்கும் வாய்ப்பில், 36-16 ஆகிவிடும். வலுவானவரை இன்னும் வலுவாகக் காட்டும் முறை அது. சமபலக்காரர்களுக்குப் பயிற்சியாக வாரம் ஒரு கேம் வையுங்கள், நல்லது. பலம் குறைந்தவருடன் 11-ல் ஆடி, அவருக்கு 4-0 முன்கூட்டியே கொடுங்கள்.

முறை மாறும்போது தகராறு வருவது ஸ்கோர் சொல்வதில்தான். சர்வ் போடுபவரின் எண் எப்போதும் முதலில் வரும். 7-5-ல் அவர் ரேலியைத் தோற்றால் மார்க்கர் (ஸ்கோர் சொல்பவர்) "ஹேண்ட்-அவுட் (சர்வ் கைமாறியது), 6-7" என்று சொல்ல வேண்டும். "7-6" என்று சொல்லிவிட்டால் அடுத்த இரண்டு ரேலிக்குள் யார் முன்னிலை என்பதில் குழப்பம் வந்துவிடும். பேட்மின்டன் பழக்கத்தில் ஸ்கோர் இரட்டைப்படை என்றால் வலது பக்கம் என்று போய் நிற்கிறார்கள், அதுவும் தவறு. சர்வ் கைக்கு வந்ததும் எந்தப் பக்கத்து சர்வ் பெட்டி என்பது அவர் விருப்பம், பிறகு தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருக்கும்வரை மாறி மாறி. லெட் (ரேலியை மறுபடி ஆடுவது) கொடுத்தால் அதே பெட்டியிலிருந்து.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ள முடியவில்லை. புதிதாக வருபவர் கையில் இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்தைத் திணிக்காதீர்கள். நன்றாகச் சூடேறினால்தான் அது துள்ளும். சூடேற்றும் வேகத்தில் அவரால் அடிக்க முடியாது. மூன்றாவது அடியிலேயே பந்து பின்மூலையில் செத்துக் கிடக்கும், ரேலி என்பதே இருக்காது. முதலில் நீலப் புள்ளி, பிறகு சிவப்பு. இருவரும் பத்து அடி தொடர்ந்து அடிக்கும்வரை ஸ்கோரே எண்ண வேண்டாம்.